கவுண்டி கம்யூனிட்டி ஃபவுண்டேஷனில் மகளுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் உதவி கேட்கலாமா? (இந்தியானா)

கொலம்பஸ்_அப்பா எழுதியது:

வணக்கம். நாங்கள் இருப்பது இந்தியானா கொலம்பஸ். ஒஹையோ இல்லை, கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனி இருக்கும் சின்ன ஊர். மகள் இப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியிருக்கிறாள். பள்ளி கவுன்சிலர் அவளைக் கூப்பிட்டு, நாடு முழுக்கப் போட்டி போடும் ஸ்காலர்ஷிப்பை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நம் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், கம்யூனிட்டி ஃபவுண்டேஷனில் விண்ணப்பம் போடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அது என்ன மாதிரி அமைப்பு என்றே எனக்குப் பிடிபடவில்லை. அரசாங்கமா, கம்பெனி நடத்துவதா, ஏதாவது பணக்காரக் குடும்பத்துடையதா? பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்கு என்று யார் முடிவு செய்கிறார்கள்? வெளியூரிலிருந்து வந்து குடியேறிய நம் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்குமா? எங்கள் வருமானத்துக்கு மத்திய அரசின் படிப்புதவி விண்ணப்பமான ஃபாஃப்சா போட்டாலும் பெரிதாக ஒன்றும் வராது.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம், ஒரு சர்ச்சின் பின்பக்க ஹாலை வாடகைக்கு எடுத்து. புரொஜெக்டர் வேண்டும், பிள்ளைகள் எடுத்துப் படிக்கப் புத்தகங்கள் வேண்டும். அதே ஃபவுண்டேஷன் உள்ளூர் அமைப்புகளுக்கும் கிராண்ட் தருகிறதாம். நாங்கள் போய்க் கேட்டால் மதிப்பார்களா, இல்லை உங்கள் ஆட்களிடமே வசூல் செய்துகொள்ளுங்கள் என்று விடுவார்களா?

மூன்றாவது கொஞ்சம் வேறு. போன வருடம் எங்கள் நண்பர் ஒருவர் தவறிப்போனார். அவர் பெயரில் வருடாவருடம் ஒரு பிள்ளைக்காவது படிப்புக்கு உதவலாம் என்று சில குடும்பங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். அதையும் இவர்கள் வழியாகவே செய்யலாம் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சோளக்காட்டு_வாசி எழுதியது:

நான் வடக்கே வேறொரு கவுண்டி. எங்கள் ஃபவுண்டேஷனில் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் படிக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன், நடுவில் கிராண்ட் கமிட்டியிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கமும் இல்லை, கம்பெனியும் இல்லை. உங்கள் ஊரில் கம்மின்ஸ் ஃபவுண்டேஷன் 1950களிலிருந்து பள்ளிக்கூடங்களைப் பெயர்பெற்ற ஆர்க்கிடெக்ட்களை வைத்து வரையச் சொல்லி அவர்கள் கட்டணத்தைக் கொடுத்ததே, அது கம்பெனிப் பணம். கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் என்பது ஊர்க்காரர்கள் பல பேர், பல காலமாக, வேறு வேறு காரணத்துக்காகப் போட்ட பணம். 1914-ல் கிளீவ்லண்டில் ஃபிரெடரிக் காஃப் என்ற பேங்க்காரர் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. இறந்துபோனவர்கள் உயிலில் எழுதிவைத்த தர்மப் பணம் பேங்கில் கிடக்கும், அவர்கள் சொன்ன காரியத்துக்குக் காலப்போக்கில் தேவையே இல்லாமல் போயிருக்கும், மாற்றவும் முடியாது. அந்த மாதிரிப் பணத்தை ஒரே இடத்தில் சேர்த்து, வருமானத்தை அந்தந்தக் காலத்துத் தேவைக்கு ஊர்க் கமிட்டி ஒன்று செலவழிக்கட்டும் என்றார். 1916-லேயே இண்டியானாபோலிஸில் ஒன்று வந்துவிட்டது.

ஆனால் சின்னச் சின்னக் கவுண்டிக்கெல்லாம் வந்தது 1990-க்கு அப்புறம். மருந்துக் கம்பெனி லில்லி குடும்பம் 1937-ல் தொடங்கிய லில்லி எண்டோமென்ட், 1990-ல் ஒரு திட்டம் போட்டு, உள்ளூரில் நீங்கள் திரட்டினால் ஈடாக நாங்களும் போடுகிறோம் என்றது. இன்றைக்கு இந்தியானாவின் 92 கவுண்டிகளுக்கும் ஏதாவது ஒரு கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் இருக்கிறது. மற்ற மாநிலத்துக்காரர்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

பணம் வேலை செய்யும் விதம் நமக்குப் புதிதில்லை. சோழர் கல்வெட்டில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு விட்டதாக வருமே, சாவா மூவாப் பேராடு என்று, அதேதான். ஆடு குறையக்கூடாது, நெய் மட்டும் நாள்தோறும் கோயிலுக்குப் போக வேண்டும். இங்கேயும் போட்ட மூலதனத்தில் கைவைக்க மாட்டார்கள். பங்கிலும் கடன் பத்திரத்திலும் போட்டுவைத்து வருடத்துக்கு 4 அல்லது 4.5 சதவீதம் எடுப்பார்கள், அதையும் இன்றைய மதிப்பில் கணக்கிடாமல் கடந்த மூன்று வருடச் சராசரி மதிப்பில் கணக்கிடுவார்கள், ஏனென்றால் 2008 மாதிரி சந்தை விழுகிற வருடத்தில்தான் ஊரில் உதவி அதிகம் தேவைப்படும், அப்போது பார்த்து கிராண்ட் சுருங்கக் கூடாது. நிர்வாகத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் தனி.

ஆக ஒருவர் 25,000 டாலர் போட்டால் வருடத்துக்கு வெளியே வருவது 1,000 டாலர். ஊர் மொத்தமும் சேர்ந்து 2 கோடி டாலர் வைத்திருந்தால் 8 லட்சம். அந்த 8 லட்சத்திலும் பெரும்பகுதி ஏற்கனவே கட்டிப்போடப்பட்டது. இந்தப் பணம் நூலகத்துக்கு மட்டும், அந்தப் பணம் இன்ன பள்ளியில் படித்து நர்சிங் போகிறவருக்கு மட்டும், இன்னொன்று கொடுத்தவரே யாருக்கு என்று ஆலோசனை சொல்வது. யார் பேரிலும் கட்டாமல் கமிட்டி கைக்கு வரும் பணம் கொஞ்சம்தான். உங்கள் தமிழ்ப் பள்ளி மாதிரி அமைப்புகள் போட்டி போடுவது அந்தக் கொஞ்சத்துக்கு. இதைத் தெரிந்துகொண்டு போனால் கோபம் வராது.

இப்போது மகள் விஷயம். பெரும்பாலும் ஒரே விண்ணப்பம்தான், போர்ட்டலில் நிரப்பினால் அவள் எந்தெந்த ஃபண்டுக்குத் தகுதி என்று அதுவே பிரித்துக் காட்டும். சில ஃபண்டுக்குக் கூட்டம் அலைமோதும். சிலதுக்கு ஆளே வராது, ஏனென்றால் நிபந்தனை அவ்வளவு குறுகல்: தொழிற்பயிற்சிக்குப் போகிறவர், 4-எச் என்ற இளைஞர் மன்றத்தில் இருந்தவர், குறிப்பிட்ட ஹைஸ்கூலில் டிரம்பெட் வாசித்தவர். நம் பெற்றோர் 500 டாலரா என்று மூக்கைச் சுளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு மூன்று 500 சேர்ந்தால் ஒரு செமஸ்டர் புத்தகச் செலவு முடிந்தது.

படிக்கும்போது எங்களுக்குப் பெயர் தெரியாது, மறைத்துத்தான் கொடுப்பார்கள். தெரிவது ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண், குடும்ப நிலை, என்ன செய்தார்கள், கட்டுரை. சனிக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்து வரிசையாகப் படித்தால் பத்தாவது கட்டுரையிலேயே தெரிந்துவிடும், எது வேறு ஏதோ காலேஜுக்கு எழுதியதை அப்படியே ஒட்டியது என்று. ஏபி என்ற காலேஜ் அளவு வகுப்பு எட்டு, ரோபோட்டிக்ஸ், வயலின், கோடையில் வெளிநாட்டுச் சேவைப் பயணம், எல்லாம் இருக்கும், இந்தக் கவுண்டியில் அந்தப் பிள்ளை வாழ்ந்த அடையாளமே இருக்காது. ஒரு கட்டுரை இன்னும் ஞாபகம் இருக்கிறது. உணவு வங்கியில் டயப்பர் பாக்கெட் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தது அந்தப் பிள்ளை. எப்போதும் 5-ஆம் சைஸ்தான் முதலில் தீர்ந்துபோகிறது, நன்கொடை கொடுக்கிறவர்கள் கைக்குழந்தையை நினைத்துக்கொண்டு சின்ன சைஸாகவே வாங்கி வருகிறார்கள், அதனால் பெட்டி மேல் எந்த சைஸ் வேண்டும் என்று எழுதி ஒட்டினேன் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான் கட்டுரை. படித்த எல்லோருமே அதற்கு அதிக மதிப்பெண் போட்டோம். கோடையில் சோளத்துக்குக் கதிர்ப்பூ கிள்ளப் போன பையன்கள் எழுதுவதும் அப்படித்தான் இருக்கும், காலை பனியில் நனைந்து, மதியம் வெந்து.

உங்கள் மகளும் அரங்கேற்றத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தாராளமாக எழுதட்டும். ஆனால் அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரோ, அவள் கற்றுக்கொடுத்த பிள்ளையோ, யாராவது ஒரு ஊர்க்காரர் அதில் வர வேண்டும். படிக்கிறவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், பண்ணைக்காரர். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: இந்தப் பிள்ளைக்கு நம் ஊர் என்ன என்று தெரியுமா?


லஃபாயெட்_அம்மா எழுதியது:

ஒன்றைச் சோளக்காட்டு அண்ணா சொல்லவில்லை, அதை நான் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குத் தேதி முன்னாலேயே வந்துவிடும். லில்லி எண்டோமென்ட் கம்யூனிட்டி ஸ்காலர்ஷிப் என்று ஒன்று 1998-லிருந்து இருக்கிறது. இந்தியானாவுக்குள் இருக்கும் அரசு அல்லது லாப நோக்கற்ற தனியார் காலேஜில் இளநிலைப் பட்டம் படித்தால் நான்கு வருட டியூஷன் முழுக்க, கட்டாயக் கட்டணங்கள், புத்தகத்துக்கும் தேவையான கருவிகளுக்கும் வருடத்துக்கு 900 டாலர் வரை. கவுண்டி மக்கள்தொகையைப் பொறுத்து எண்ணிக்கை மாறும், சின்னக் கவுண்டிக்கு ஒன்றோ இரண்டோதான். உள்ளூர் ஃபவுண்டேஷன் நேர்காணல் வைத்துப் பெயரைப் பரிந்துரைக்கும், கடைசி முடிவு மாநில அளவில். மற்ற ஸ்காலர்ஷிப்புக்குப் புது வருடம் பிறந்த பிறகுதான் கடைசித் தேதி வரும், இதற்குப் பல கவுண்டிகளில் கோடை முடியும்போதே கதவை மூடிவிடுவார்கள். அதனால் இந்த வாரமே பாருங்கள். பர்டியூ, இந்தியானா யூனிவர்சிட்டி மாதிரி உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தால் இதைவிடப் பெரியது கிடைப்பது அரிது. மாநிலத்தை விட்டு வெளியே போகிறாள் என்றால் இது பயன்படாது.

அடுத்தது யாரும் சொல்லித்தராத விஷயம். வெளியிலிருந்து 2,000 டாலர் ஸ்காலர்ஷிப் வந்ததும் சில காலேஜ்கள் தாங்கள் தருவதாகச் சொன்ன உதவியில் 2,000-ஐக் குறைத்துவிடுகின்றன. பிள்ளை கஷ்டப்பட்டு வாங்கியது, லாபம் காலேஜுக்கு. எங்கள் மூத்தவனுக்கு ஒரு தனியார் காலேஜில் இதுதான் நடந்தது. மெரிலண்ட் 2017-ல் தன் அரசுக் காலேஜ்களில் இதைத் தடுத்துச் சட்டம் போட்டது, கலிஃபோர்னியா 2022-ல். நீங்கள் செய்ய வேண்டியது, காலேஜைத் தேர்வு செய்வதற்கு முன்னாலேயே நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, வெளி ஸ்காலர்ஷிப் வந்தால் முதலில் கடனைக் குறைப்பீர்களா, திருப்பிக் கட்ட வேண்டாத உங்கள் கிராண்டைக் குறைப்பீர்களா என்று எழுத்தில் கேட்பது. கிராண்டைத்தான் குறைப்போம் என்றால் ஃபவுண்டேஷனிடம் பேசுங்கள். பணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிக் கொடுக்கச் சில இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். செக் உங்கள் கைக்கு வராது, நேராகக் காலேஜுக்குத்தான் போகும்.

வரி: டியூஷனுக்கும் கட்டாயப் புத்தகத்துக்கும் போனால் வரி இல்லை, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போனால் அது வருமானம்.

இங்கே படிக்கிறவர்களில் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்ப விசாவில், இருக்கும் பிள்ளைகள் இருந்தால், ஃபாஃப்சா உங்களுக்குக் கிடையாது என்பதால் எல்லாமே கிடையாது என்று முடிவுகட்டாதீர்கள். இது மத்திய அரசுப் பணம் இல்லை. குடியுரிமை நிபந்தனை வைக்கும் ஃபண்டும் உண்டு, வைக்காததும் உண்டு. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் போன் பண்ணிக் கேட்க வேண்டும். சின்ன ஊர் ஃபவுண்டேஷனில் மூன்று நான்கு பேர்தான் வேலை பார்ப்பார்கள், போனை எடுக்கிறவரே விவரம் தெரிந்தவராக இருப்பார்.


சங்கப்_பொருளாளர் எழுதியது:

தமிழ்ப் பள்ளிக்கு நான் பதில் சொல்கிறேன். முதல் கேள்வி: உங்கள் பள்ளிக்கு 501(சி)(3), அதாவது வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பு என்ற அங்கீகாரம், இருக்கிறதா? இல்லையென்றால் ஃபவுண்டேஷன் பொதுவாகப் பேச்சையே எடுக்காது. வருட வரவு 50,000 டாலருக்குள் என்றால் 1023-ஈஇசட் என்ற சுருக்கப் படிவம் பெரும்பாலும் போதும், கட்டணம் 275 டாலர். அதற்கும் பொறுமை இல்லையென்றால் ஏற்கனவே அங்கீகாரம் உள்ள இன்னொரு அமைப்பின் கீழ் நின்று வாங்கலாம், அவர்கள் 5 முதல் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள்.

இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி, அது உயிரோடு இருக்கிறதா? சின்ன அமைப்புகள் வருடாவருடம் 990-என் என்ற சின்ன ஆன்லைன் படிவத்தை ஐஆர்எஸ் என்ற மத்திய வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். ஐந்து நிமிட வேலை. தொடர்ந்து மூன்று வருடம் விட்டால் அங்கீகாரம் தானாக ரத்து, யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். நம் சங்கங்களில் கமிட்டி மாறும்போது பொங்கல் விழா பேனர் முதல் பாத்திரம் வரை ஒப்படைப்பார்கள், ஐஆர்எஸ் லாகினை ஒப்படைக்க மாட்டார்கள். பக்கத்து மாநிலத்தில் ஒரு சங்கம் கிராண்ட் விண்ணப்பத்தில் வரி எண்ணைப் போட்டு, ஃபவுண்டேஷன்காரர் திருப்பிப் பேசியபோதுதான் தாங்கள் ரத்தாகியிருப்பதே தெரிந்தது. மறுபடி 275 டாலர், சில மாதக் காத்திருப்பு, அந்த வருட கிராண்ட் போச்சு.

விண்ணப்பத்தில் நம் ஆட்கள் தவறாமல் எழுதுவது 'தமிழ்ப் பண்பாட்டை வளர்ப்பது'. உண்மைதான், ஆனால் படிக்கிற பண்ணைக்காரருக்கு அதில் பிடி கிடைக்காது. அதே கூட்டத்தில் உணவு வங்கி ஃப்ரீசர் கேட்டிருக்கும், 1,800 டாலர், கடைக் கொட்டேஷன் இணைத்து, பழைய ஃப்ரீசர் எத்தனை முறை நின்றது, எவ்வளவு இறைச்சியைக் கொட்ட வேண்டியிருந்தது என்று எழுதி. அதன் பக்கத்தில் உங்கள் புரொஜெக்டர் நிற்க வேண்டும். எத்தனை பிள்ளைகள், எந்தெந்தப் பள்ளி மாவட்டத்திலிருந்து வருகிறார்கள், தமிழ் தெரியாத வீட்டுப் பிள்ளை வந்தால் சேர்ப்பீர்களா, இந்தியானா தரும் பன்மொழித் திறன் சான்றிதழுக்குத் தயார் செய்கிறீர்களா, இதைச் சொல்லுங்கள். புத்தகத்தை உங்கள் ஹாலுக்குள் பூட்டி வைக்காமல் கவுண்டி நூலகத்தில் தமிழ்-ஆங்கில இருமொழிப் புத்தக அலமாரியாகக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு பல மடங்கு. நூலகத்தையே கூட்டு விண்ணப்பதாரராக வைத்துக்கொள்ளுங்கள்.

மதச் சார்பான காரியத்துக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பது பெரும்பாலும் விதியிலேயே இருக்கும். சர்ச் ஹாலில் வாடகைக்கு இருப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் விண்ணப்பத்தோடு அனுப்பும் படம் சரஸ்வதி பூஜைப் படமாக இல்லாமல் வகுப்புப் படமாக இருக்கட்டும்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. ஃபவுண்டேஷன் வருடாவருடம் ஐஆர்எஸ்ஸுக்குக் கொடுக்கும் 990 படிவம் யாரும் பார்க்கக்கூடியது. அதில் ஷெட்யூல் ஐ என்ற பகுதியில் 5,000 டாலருக்கு மேல் எந்த அமைப்புக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெயரோடு இருக்கும். இரண்டு மூன்று வருடத்தை வரிசையாகப் பார்த்தால் அவர்கள் மனசு எதில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் போன் பண்ணிப் பதினைந்து நிமிடம் பேசுங்கள், இதற்கெல்லாம் நீங்கள் தருவதுண்டா என்று நேராகவே கேளுங்கள். கிடைத்தால் ரசீதுகளோடு முடிவு அறிக்கை கொடுக்க வேண்டும். அதைச் சோம்பலில் விட்டால் அடுத்த தடவை பேசவே வேண்டாம்.


சும்மா_கேட்கிறேன் எழுதியது:

எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். இந்த ஃபவுண்டேஷன்கள் பணத்தின் மேல் உட்கார்ந்திருப்பவை. தனியார் குடும்ப ஃபவுண்டேஷனாவது வருடத்துக்கு 5 சதவீதம் செலவழித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, கம்யூனிட்டி ஃபவுண்டேஷனுக்கு அதுவும் இல்லை. கொடுத்தவர் ஆலோசனை சொல்லும் ஃபண்ட் என்கிறீர்களே, அதில் பணத்தைப் போட்ட அன்றே முழு வரிச்சலுகையும் வாங்கிவிட்டு, பத்து வருடம் யாருக்கும் ஒரு டாலர் கொடுக்காமல் வைத்திருக்கலாம். இன்றைக்குப் பசிக்கிறவனுக்கு 2 கோடியில் 8 லட்சம், மீதி நாளைக்குப் பிறக்கப்போகிறவனுக்கா? ஊரே சின்னதாகிக்கொண்டு வரும்போது?


சோளக்காட்டு_வாசி எழுதியது:

@சும்மா_கேட்கிறேன், சட்டம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆலோசனை ஃபண்ட் தூங்குவது உண்மையான குறைதான். நல்ல ஃபவுண்டேஷன்கள் இத்தனை வருடம் ஒன்றும் கொடுக்கவில்லையென்றால் பணம் பொது நிதிக்குப் போகும் என்று தாங்களே விதி வைத்திருக்கின்றன. உங்கள் ஊரில் அந்த விதி இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் மூலதனத்தைக் கரைக்கலாமே என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஊரில் பெரிய ஃபேக்டரி மூடியபோது முதலாளி போய்விட்டார், அவர் வருடாவருடம் எழுதின செக்கும் கூடவே போய்விட்டது. அதற்கு முன்னால் யாரோ போட்டுவைத்த ஃபண்ட்தான் இன்னும் தீயணைப்பு நிலையத்துக்கும் நீச்சல் வகுப்புக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சின்ன ஊருக்குத்தான் நிலைநிதி அதிகம் தேவை, பெரிய ஊருக்கு அடுத்த பணக்காரர் வந்துகொண்டே இருப்பார்.

சண்டை வருவது வேறு இடத்தில். கலிஃபோர்னியாவில் பெரில் பக் என்ற அம்மா 1975-ல் இறந்தபோது தன் எண்ணெய்க் கம்பெனிப் பங்கை மரின் கவுண்டி மக்களுக்கென்று சான் ஃபிரான்சிஸ்கோ ஃபவுண்டேஷனிடம் விட்டுப்போனார். 1979-ல் ஷெல் அந்தக் கம்பெனியை வாங்கியதும் அது 25 கோடி டாலருக்கு மேல் ஆகிவிட்டது. மரினோ நாட்டிலேயே வசதியான கவுண்டிகளில் ஒன்று. இவ்வளவு பணம் அங்கே எதற்கு, பக்கத்துக் கவுண்டி ஏழைகளுக்கும் கொடுக்கிறோம் என்று ஃபவுண்டேஷன் கோர்ட்டுக்குப் போனது. மரின்காரர்கள் விடவில்லை. 1986-ல் ஃபவுண்டேஷன் பின்வாங்கியது, பணம் புதிதாகத் தொடங்கிய மரின் கம்யூனிட்டி ஃபவுண்டேஷனுக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் எங்கள் கமிட்டியில் பேச்சு வந்தால் இரண்டு கட்சி ஆகிவிடும். எனக்கு ஏழைகள் பக்கம்தான் மனசு போகிறது. ஆனால் கொடுத்தவர் எழுதியதை இவ்வளவு சுலபமாக மாற்றினால் அடுத்து யார் நம்பிக் கொடுப்பார் என்பதும் இருக்கிறது.


கொலம்பஸ்_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. லில்லி ஸ்காலர்ஷிப் தேதியைப் பார்த்துவிட்டோம், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எங்கள் தமிழ்ப் பள்ளியின் 990-என் போன வருடம் வரை போயிருக்கிறது, நல்ல வேளை. நண்பர் பெயரில் ஃபண்ட் பற்றி யாராவது சொல்லுங்கள். எல்லோருமாகச் சேர்ந்தால் இந்த வருடம் 12,000 டாலர் தேறும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்கலாமா? யாருக்குக் கொடுப்பது என்பதை நண்பரின் மனைவியும் நாங்களும் முடிவு செய்யலாமா?


கணக்குப்பிள்ளை எழுதியது:

சிபிஏவாக (உரிமம் பெற்ற கணக்காளர்) இருக்கிறேன், ஆனால் இது பொதுவான தகவல், உங்கள் வரிக் கணக்கு பார்ப்பவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நிரந்தர ஃபண்ட் தொடங்கக் குறைந்தபட்சம் ஒவ்வொரு ஃபவுண்டேஷனும் ஒன்று வைத்திருக்கும், சில இடத்தில் 10,000, சில இடத்தில் 25,000. ஸ்காலர்ஷிப் ஃபண்டுக்கு வேலை அதிகம் என்பதால் கூடுதலாகக் கேட்பார்கள். ஒரேயடியாகக் கட்ட வேண்டாம், மூன்று முதல் ஐந்து வருடத்தில் நிரப்பலாம் என்று பெரும்பாலும் விடுவார்கள். 12,000-க்கு 4 சதவீதம் 480 டாலர், அதை மனதில் வைத்துப் பேசுங்கள். நிரந்தரம் வேண்டாம், அடுத்த ஆறு வருடத்துக்கு வருடம் 2,000 கொடுத்து முடித்துக்கொள்கிறோம் என்றும் வைக்கலாம். எனக்கென்னவோ பிள்ளைகளுக்கு அதுதான் அதிகம் பயன்படும், ஆனால் பெயர் நிலைக்க வேண்டும் என்று குடும்பம் விரும்பினால் முதல் வழி.

யார் தேர்வு செய்வது என்பதில் 2006-ல் வந்த ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் கறாராக இருக்கிறது. கொடுத்தவரின் ஆலோசனைப்படி ஓடும் ஃபண்டிலிருந்து தனிமனிதருக்குப் பணம் போகக்கூடாது. ஸ்காலர்ஷிப்புக்கு மட்டும் விலக்கு, அதற்கு நிபந்தனை: கமிட்டியை நியமிப்பது ஃபவுண்டேஷன், கொடுத்தவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் அதில் பெரும்பான்மையாக இருக்கக் கூடாது, தேர்வு முறை எழுத்தில் இருந்து போர்டு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். ஆக நண்பரின் மனைவி ஐந்து பேரில் ஒருவராக உட்காரலாம். நீங்களும் அவரும் இன்னொரு நண்பருமாக மூன்று பேர் உட்கார முடியாது. பணம் போட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஸ்காலர்ஷிப் கிடையாது என்று ஃபவுண்டேஷன் ஆரம்பத்திலேயே சொல்லிவிடும், குறை சொல்லாதீர்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைப்பதை இப்போது எந்த ஃபவுண்டேஷனும் தயங்காமல் ஏற்காது. அட்லாண்டாவில் ஓர் அமைப்பு கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் என்று வைத்த கிராண்டை, 1866-ஆம் ஆண்டுச் சிவில் உரிமைச் சட்டத்தை வைத்து வேறொரு தரப்பு வழக்குப் போட, 2024-ல் அப்பீல் கோர்ட்டே நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகு வக்கீல்கள் எல்லோரும் உஷார். அந்த வழியில் போகாமல் நண்பரை நினைத்துப் பாருங்கள். அவர் மெக்கானிக்கல் எஞ்சினியரா, ஷாப் ஃப்ளோரில் இருந்தவரா, வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரா? கவுண்டி ஹைஸ்கூலில் படித்து எஞ்சினியரிங் போகிறவர், மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவருக்கு முன்னுரிமை, இப்படி வைத்தால் அவரைத் தெரிந்தவர்கள் படித்ததும் புரிந்துகொள்வார்கள், ஃபவுண்டேஷனுக்கும் தலைவலி இல்லை. நிபந்தனையை ரொம்பக் குறுக்கினால் ஆளில்லாமல் போகும், சோளக்காட்டு சார் சொன்ன டிரம்பெட் கதை.

கொடுக்கும்போது ரொக்கம்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. கம்பெனிப் பங்கு ஒரு வருடத்துக்கு மேல் கையில் இருந்து விலை ஏறியிருந்தால் அதை விற்காமல் பங்காகவே ஃபவுண்டேஷனுக்கு மாற்றுங்கள். மூலதன ஆதாய வரி இல்லை, இன்றைய மதிப்புக்கு வரிக்கழிவு. விற்றுவிட்டுப் பணமாகக் கொடுத்தால் வரியைக் கட்டிவிட்டுத்தான் கொடுக்கிறீர்கள். ஆனால் கழிவு என்பது விவரித்துக் கணக்குக் காட்டுபவர்களுக்குத்தான் முழுசாகப் பயன்படும், நம்மில் பலர் எல்லோருக்கும் பொதுவாகத் தரும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கிறோம். மூன்று வருடத்துக்குக் கொடுக்க நினைத்ததை ஒரே வருடத்தில் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஒரு வருடமாவது பலன் இருக்கும்.


லஃபாயெட்_அம்மா எழுதியது:

@கொலம்பஸ்_அப்பா, மூன்று வாரம் என்றால் பரிந்துரைக் கடிதத்தை இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள், பள்ளி திறந்த நேரத்தில் ஆசிரியர்கள் எல்லோரிடமும் பத்துப் பேர் கேட்டு நிற்பார்கள். ஒன்று ஆசிரியரிடம், இன்னொன்று பள்ளிக்கு வெளியே அவள் வேலை செய்ததையோ சேவை செய்ததையோ பார்த்த பெரியவரிடம். அப்பாவின் மேனேஜரிடம் வாங்க வேண்டாம்.